பத்து பன்னிரண்டு முதல் பதினொன்று நாற்பத்தேழு வரை

எஞ்சினை அணைக்கச் சொல்லி எங்களுக்குச் சுற்றறிக்கை வந்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். இருபது வருடமாக வண்டியை ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்கியவனிடம், இனிமேல் ஒழுங்காக நிறுத்து என்று சொன்னால் அவன் வேறென்ன செய்வான்? ரயில் எஞ்சின் ஓட்டுகிற எங்களை டிரைவர் என்று சொல்லாமல் லோகோ பைலட் என்று சொல்லத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்த வருடங்களில்தான். பெயர்தான் பெரிதாகியிருக்கிறது, எஞ்சின் அதே பழைய எஞ்சின்தான் என்றார் என் உதவியாளர். அவர் ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். எனக்கு இரண்டு வயதுதான் இளையவர்.

சுற்றறிக்கையில் விஷயம் சுருக்கமாகத்தான் இருந்தது. வண்டி ஓரிடத்தில் அரை மணிக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் டீசல் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அணைத்த நேரத்தையும் மறுபடி கிளப்பிய நேரத்தையும் எஞ்சின் புத்தகத்தில் எழுத வேண்டும். டீசல் மிச்சமாகும், புகை குறையும், நாட்டுக்கு நல்லது. படித்துப் புரிந்துகொண்டேன் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒரு வார்த்தையும் தவறில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அதை எழுதியவர் நல்லது நினைத்துத்தான் எழுதினார்.

ரோட்டிலும் அப்போது இதே பேச்சுதான். மத்திகிரியில் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போது சில நாள் எல்லைச் செக்போஸ்ட் பக்கம் போக வேண்டியிருக்கும். கர்நாடகாவுக்குப் போகிற லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நிற்கும். ஒன்றுகூட எஞ்சினை அணைத்திருக்காது. மகளிர் குழுப் பெண்கள் ஐந்தாறு பேரை, காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்கவும் என்று எழுதிய தட்டியோடு வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, “ஏம்மா, அணைச்சுட்டா செல்ப் எடுக்காது. நீங்க அஞ்சு பேரும் வந்து தள்ளுறீங்களா?” என்று கேட்டார். அந்தப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் நானும் ஒரே கட்சி.

எங்கள் எஞ்சினுக்கும் அதே வியாதிதான், உடம்புதான் பெரிது. ரயில் எஞ்சினைத் தள்ளிக் கிளப்ப முடியாது. உள்ளே வரிசையாக இருக்கிற பேட்டரிகள்தான் அந்த இரும்பு மலையைச் சுற்றிவிட வேண்டும். பேட்டரி புதிதாக இருந்தால் கவலையில்லை. எங்கள் கைக்கு வந்த எஞ்சின்களில் புதிதாக இருந்தது பெயிண்ட் மட்டும்தான். அணைத்த எஞ்சின் மறுபடி கிளம்பவில்லை என்றால் ஒற்றைத் தண்டவாளப் பாதையில் அன்றைய பிழைப்பு போச்சு. எங்கிருந்தோ இன்னொரு எஞ்சின் வர வேண்டும். பின்னால் வரும் வண்டிகள் ஆங்காங்கே நிற்கும். பேட்டரியின் நிலை தெரியாமல் ஏன் அணைத்தாய் என்று ஒரு மெமோ வரும். அணைக்காமல் விட்டாலோ, சுற்றறிக்கையை ஏன் மதிக்கவில்லை என்று இன்னொரு மெமோ. இரண்டில் எந்த மெமோ வேண்டும் என்று கேட்டால் ஒரு மனிதன் என்ன சொல்வான்? இரண்டும் வேண்டாம் என்பான்.

அதற்கு வழி கண்டுபிடித்தது நான்தான். இதை இத்தனை வருடம் கழித்தும் பெருமையும் வெட்கமும் ஒன்றாகக் கலந்துதான் சொல்ல வருகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். புத்தகத்தில் மட்டும் அணைத்துவிடுவோம். முதலில் சிலர் பத்து மணிக்கு அணைத்தேன், பதினொன்றரைக்குக் கிளப்பினேன் என்று எழுதினார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நேரத்தை இப்படி முழுசு முழுசாக எழுதினால் பொய் என்று பார்த்த உடனே தெரியும். உண்மையான நேரம் எப்போதும் கோணல்மாணலாக இருக்கும். பத்து பதிமூன்று என்று எழுது, பதினொன்று முப்பத்தாறு என்று எழுது என்று ஓய்வறையில் உட்கார்ந்து எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பார்க்கிற அதிகாரிக்கு மனசு நிறைந்துவிடும். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவருக்கும் புத்தகத்தில் அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். டீசல் நிஜமாகவே குறைகிறதா என்று யாரும் எங்களிடம் வந்து கேட்டதில்லை.

தருமபுரிக்கும் ஓசூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். எதிர் வண்டிக்கு வழிவிடுவதற்காகச் சரக்கு வண்டியை அங்கே ஓரத் தண்டவாளத்தில் ஒதுக்கிவிடுவார்கள். அரை மணி என்பார்கள், ஒன்றரை மணி ஆகும். எங்கள் எஞ்சின் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, இருபது எட்டு வைத்தால், ஒரு குவார்ட்டர்ஸ். தண்டவாளத்தை மாற்றிவிட்டு வண்டிக்குக் கொடி காட்டுகிற பாயிண்ட்ஸ்மேனின் வீடு அது. அந்த வீட்டைக் கட்டியவர் நிலக்கரி எஞ்சின் காலத்து ஆளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயிலையே பார்க்காத ஆளாக இருக்க வேண்டும்.

பாயிண்ட்ஸ்மேன் அதிகம் பேசமாட்டார். அவர் மனைவி அவருக்கும் சேர்த்துப் பேசுவார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊத்தங்கரை தாலுகாவில் சாமல்பட்டிக்காரர். வீட்டில் தையல் மிஷின் வைத்து சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். அவருக்கு மூச்சிரைப்பு இருந்தது. கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பார். எங்கள் வண்டி வந்து நின்றதும் ஜன்னல்களைப் படபடவென்று சாத்துவார். பிறகு வாசலில் வந்து இடுப்பில் கைவைத்து நிற்பார்.

“என்னாங்கண்ணா, இன்னிக்கும் ஆஃப் பண்ண மாட்டீங்களா? துணியெல்லாம் எண்ணெய்ப் புகை. ஜாக்கெட் வாங்க வர்றவங்க மோந்து பாத்துட்டு, ரயிலு தச்சுதான்னு கேக்கறாங்க.”

நான் ஜன்னலில் இருந்தபடியே, “பேட்டரி சரியில்லம்மா. ஆஃப் பண்ணா நாங்க இங்கயேதான் குடியிருக்கணும்” என்பேன்.

“அப்ப வந்து இருந்து பாருங்க, தெரியும்” என்பார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்ததுதான். இரண்டு பக்கமும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பி நான் ஒரு வருடத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தேன்.

மாம்பழக் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரும்புச் சுருள் ஏற்றிய வண்டியோடு பத்து மணி சுமாருக்கு அந்த ஸ்டேஷனுக்கு வந்தோம். எதிரே அடுத்தடுத்து இரண்டு வண்டிகள் வர வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். காற்றே இல்லை. புகை மேலே போகாமல் அப்படியே அந்த வீட்டின் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பாயிண்ட்ஸ்மேன் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

“சார், கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க சார். அவளுக்கு ரொம்ப இழுக்குது சார்.”

நான் உதவியாளரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். “பேட சார், வேண்டாம். காலைல ஷெட்ல கிளம்பறதுக்கே மூணு வாட்டி சுத்துச்சு. இங்க ஆஃப் பண்ணா அவ்ளோதான்.” அவர் சொன்னது உண்மை. நானும் காலையில் அங்கேதான் இருந்தேன்.

அணைக்கவில்லை. அதற்குப் பதிலாக இறங்கினேன். எஞ்சினை விட்டு இறங்கக்கூடாதுதான், ஆனாலும் உதவியாளரை மேலே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். எதையோ செய்துவிட வேண்டும் என்று இருந்தது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து கைகளை முன்னால் ஊன்றியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் கணவருமாக ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தோம். எஞ்சினைத் தாண்டும்போது அவர் கையைத் தூக்கினார். பேச மூச்சில்லை. எஞ்சினைக் காட்டி, விரல்களை மடக்கி மூடிக் காட்டினார். அணை என்கிறார்.

“ஆகட்டும்மா, ஆகட்டும்” என்றேன்.

மாங்காய் ஏற்றி வந்த ஒரு டெம்போவை நிறுத்தி முன் சீட்டில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கணவரும் கூடப் போனார். திரும்பி வந்து எஞ்சினில் ஏறினேன். சட்டையெல்லாம் வியர்வை. இரண்டு வண்டிகளும் கடந்து போயின. சிக்னல் கிடைத்துப் புறப்படும்போது வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்து வழக்கமான கட்டத்தில் எழுதினேன். அணைத்த நேரம் பத்து பன்னிரண்டு. கிளப்பிய நேரம் பதினொன்று நாற்பத்தேழு. எழுதும்போது மனசு உறுத்தவே இல்லை. அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயம். கெட்ட எண்ணத்தோடு எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. பழக்கத்தில் எழுதினேன்.

அவர் பிழைத்து வந்தார். டாக்டர், இந்தப் புகையில் இருக்கக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துப் பாயிண்ட்ஸ்மேன் மேலிடத்துக்கு மனு எழுதினார். வீட்டின் முன்னால் எஞ்சின்கள் மணிக்கணக்கில் அணைக்காமல் நிற்கின்றன, மனைவிக்கு மூச்சு முட்டுகிறது, இன்ன தேதியில் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று, ஆகவே வேறு ஸ்டேஷனுக்கு மாற்றல் கொடுங்கள் அல்லது வேறு குவார்ட்டர்ஸ் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். எழுதும்போதே எனக்குச் சொன்னார். நல்லது, கட்டாயம் கிடைக்கும் என்று நானும் தைரியம் சொன்னேன். அதைச் சொல்லும்போதும் எனக்குப் புத்தகம் ஞாபகம் வரவில்லை. நம்புவீர்களா?

பதில் வர இரண்டு மாதம் ஆனது. அன்று எங்கள் வண்டி வந்து நின்றபோது ஜன்னல்கள் சாத்தப்படவில்லை. அந்தப் பெண் கையில் ஒரு காகிதத்தோடு நேராக எஞ்சினுக்குக் கீழே வந்து நின்றார். சிரிப்பு இல்லை.

“அண்ணா, கொஞ்சம் எறங்கி வாங்க. இந்தச் சத்தத்துல என்னால கத்த முடியாது.”

இறங்கினேன்.

“மனுவுக்குப் பதில் வந்திருக்குது. ஸ்டேஷன் மாஸ்டர் சாரு படிச்சுச் சொன்னாரு. புஸ்தகத்தப் பாத்துட்டாங்களாம். இந்த ஸ்டேஷன்ல எஞ்சினெல்லாம் ஒழுங்கா அணைச்சுத்தான் வெக்கறாங்களாம். நான் ஆஸ்பத்திரி போன அன்னிக்கும் பத்து பன்னெண்டுல இருந்து பதினொன்னு நாப்பத்தேழு வரைக்கும் எஞ்சின் ஆஃப்ல இருந்துச்சாம். அதனால பொகைன்னு நான் சொல்றதுக்கு ஆதாரம் இல்லயாம்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அன்னிக்கு என்னச் சேர்ல தூக்கிட்டுப் போனது யாருங்கண்ணா?”

“நான்தாம்மா.”

“எஞ்சின் ஆஃப்லயா இருந்துச்சு?”

நான் அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

“அந்த நாப்பத்தேழு எங்கிருந்துங்கண்ணா வந்துச்சு? நாப்பத்தஞ்சுன்னு போட்டிருந்தீங்கன்னாக்கூட, யாரோ உக்காந்து எழுதினதுன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்கும்.”

இருபது வருட சர்வீஸில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். கெட்ட வார்த்தையில்கூடத் திட்டியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும், திருப்பிக் கொடுப்பேன். இவர் திட்டக்கூட இல்லை. அவர் காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போய் ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்த முறை அங்கே நின்றபோது நான் எஞ்சினை அணைத்துவிட்டேன். உதவியாளர் என் கையைப் பிடித்தார். “சார், பேட. உங்களுக்கு என்னாச்சு?” என்றார். எனக்கு உண்மையிலேயே அலுத்துப் போயிருந்தது. ஒரு நாளாவது புத்தகத்தில் எழுதுவது நடந்ததாக இருக்கட்டும் என்று தோன்றியது. அதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் வீம்புதான்.

சத்தம் நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் வாரத்தில் மூன்று நாள் வந்து நின்ற இடம்தான், ஆனால் அங்கே வேப்பமரத்தில் மைனாக்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கன்னடத்தில் யாரையோ அதட்டுவது கேட்டது. குவார்ட்டர்ஸுக்குள் தையல் மிஷின் ஓடியது. பிறகு அதுவும் நின்றது. அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து எங்களைப் பார்த்தார். ஜன்னலை அப்படியே திறந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மிஷின் மறுபடி ஓடியது.

ஐம்பது நிமிடம் கழித்துச் சிக்னல் கிடைத்தது. எஞ்சினைக் கிளப்ப முயன்றோம். உள்ளே ஒரு முனகல். அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றது. இன்னொரு முறை. முனகல் இன்னும் சின்னதாயிற்று. மூன்றாம் முறை பேட்டரி வெறும் சொடுக்குச் சத்தம் போட்டது. உதவியாளர் என்னைத் திட்டவில்லை, தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து எவ்வளவு மீதியிருக்கிறது என்று பார்த்தார்.

வேறு எஞ்சின் வந்து எங்களை இழுத்துப் போக மாலை ஆனது. ஓரத் தண்டவாளம் அடைபட்டதால் எதிரும் புதிருமாக வண்டிகள் ஆங்காங்கே நின்றன. அவற்றில் ஒன்றில் இரண்டாம் ஷிஃப்டுக்கு ஓசூர் போகிற ஆட்கள் இருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எத்தனை பேருக்கு அரை நாள் போயிற்றோ. பாயிண்ட்ஸ்மேன் எங்களுக்கு டீ கொண்டு வந்தார். அவர் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார். நான் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “எங்களாலதான இப்பிடி ஆச்சு?” என்றார். இல்லம்மா, பேட்டரியால என்றேன். அவர் நம்பவில்லை. அவர் முகத்தில் இருந்த வருத்தம் எனக்கு மெமோவைவிடப் பெரிதாகப் பட்டது.

விசாரணை நடந்தது. விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்கும் களைப்புதான். எங்கள் எஞ்சினின் புத்தகம் மேஜையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

“இதே எஞ்சினை இதே ஸ்டேஷன்ல எத்தனையோ தடவை அணைச்சுக் கிளப்பியிருக்கீங்க. ஒரு தடவைகூடப் பேட்டரி சரியில்லன்னு எழுதல. அதப் பாத்துத்தான் இதுக்கு வர வேண்டிய புது பேட்டரிய வேற எஞ்சினுக்கு மாத்தியிருக்காங்க. அன்னிக்கு மட்டும் எப்படிக் கிளம்பாமப் போச்சு?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. பேட்டரி கெட்டது என்பதால் பொய் எழுதினோம். பொய் எழுதியதால் பேட்டரி வரவில்லை. எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதை அழகான கையெழுத்திலும் எழுதி வைத்திருந்தோம். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் தவணை கேட்டேன்.

நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மத்திகிரி வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் என்னோடு வண்டி ஓட்டுகிறவர்கள், எல்லோரும் என்னிடம் பாடம் படித்தவர்கள். என் மனைவி காபி கொடுத்தாள். வெகு நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் மூத்தவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“உண்மையச் சொல்லுங்க, வேணாங்கல. ஆனா உங்க உண்மைய மட்டும் சொல்லுங்க. எங்க புள்ளகுட்டிகளச் சந்தில நிறுத்திடாதீங்க.”

அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார். அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். இன்னொருவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. எல்லா நாளும் பொய் என்று நான் சொன்னால் பத்துப் பதினைந்து பேருக்குக் குற்றப்பத்திரிகை வரும். அவர்கள் போன பிறகு மனைவி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு வந்த பதில் கடிதத்தில் நேரம் போட்டு ஒரே ஒரு நாளைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு நாள் பொய் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டால் கடிதம் செத்துவிடும். அவருக்கு மாற்றல் கிடைத்துவிடும். இவர்களும் தப்பித்துவிடுவார்கள். எல்லோருக்கும் நல்லவனாக இருந்துவிடலாம்.

அப்படியே எழுதிக் கொடுத்தேன். இன்ன தேதியில் எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்ததாகத் தவறுதலாக எழுதிவிட்டேன், அன்று பாயிண்ட்ஸ்மேனின் மனைவி மூச்சுத் திணறியது உண்மை, நானே நேரில் பார்த்தேன். அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்தார். “மத்த நாளெல்லாம்?” என்றார். “மத்த நாளெல்லாம் சரிதான் சார்” என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதையும் அதிலேயே என்னை எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு வருட சம்பள உயர்வு நின்றது. நான் வருத்தப்படவில்லை. உண்மையில் மனசு லேசாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணிடம் போய், மறுபடி மனு போடுங்கம்மா, இந்தத் தடவை கட்டாயம் நடக்கும் என்று சொன்னேன். என் வாக்குமூலத்தையும் குறிப்பிட்டு எழுதச் சொன்னேன். அவர் என்னை நம்பலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிங்கண்ணா என்றார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் அந்த ஸ்டேஷனில் நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மிஷின் சத்தம் கேட்காதது எஞ்சின் சத்தத்தால் என்று நினைத்துக்கொண்டேன். பாயிண்ட்ஸ்மேன் வந்து கீழே நின்று, ஒரு காகிதத்தை ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தார். இரண்டாவது மனுவுக்கு வந்த பதில்.

இங்கிலீஷில் இருந்தது. இரண்டு தடவை படித்தேன். மனுவில் சொன்ன தேதியின் பதிவு சம்பந்தப்பட்ட ஓட்டுநரின் தனிப்பட்ட தவறு, அதற்காக அவர் தண்டிக்கப்பட்டுவிட்டார். ஏனைய எல்லா நாட்களிலும் பதிவுகள் சரியானவை என்று அதே ஓட்டுநர் எழுத்துமூலம் உறுதி செய்திருக்கிறார். ஆகவே அந்த இடத்தில் தொடர்ந்து புகை இருப்பதாகச் சொல்வதை ஏற்க முடியாது. மாற்றல் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

“அவங்க எங்க?” என்று கேட்டேன்.

“சாமல்பட்டிக்குப் போயிட்டா சார், அம்மா ஊட்டுக்கு. மிஷினையும் டெம்போல ஏத்தி அனுப்பிட்டேன். அங்கயும் ஸ்டேஷனுக்குப் பக்கத்துலதான் ஊடு. ஆனா அங்க எல்லாம் கரண்டு எஞ்சின் சார், பொகை இல்ல.” கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “நான் லீவு கெடைச்சா போயிப் பாத்துட்டு வரணும். சோறு நானே ஆக்கிக்கறேன்.”

நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. யாரோ கொடுத்தனுப்பிய சாமானை உரியவரிடம் சேர்க்கிறவர்போலச் சொன்னார்.

“போறப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா சார். அந்த ஒரு நாளு பொய்யின்னு எழுதிக் குடுத்தீங்களே, அப்ப மத்த நாளெல்லாம் அவ எதுக்கு ஜன்னலச் சாத்தினான்னு கேக்கச் சொன்னா.”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எதிர் வண்டி வரும் நேரம், அவருக்கு வேலை இருந்தது. அது கடந்து போயிற்று. எங்களுக்குச் சிக்னல் கிடைத்தது. அவர் தன் இடத்தில் போய் நின்று, என் பக்கம் பார்க்காமலே பச்சைக் கொடியை நீட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் வண்டியை எடுத்தேன்.